யாக்கோபுக்கு நான்கு மனைவி, இன்றைய யூதருக்கு ஒன்று: நடுவில் என்ன நடந்தது?

கேள்வி இதுதான்: "பழைய ஏற்பாட்டில் ஆபிரகாமிலிருந்து சாலொமோன் வரை பெரிய மனிதர்கள் பலருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவிகள். இன்றைய யூதர்களிடம் அப்படி இல்லையே? கடவுளே தடுத்தாரா, இல்லை கிறித்தவர்களைப் பார்த்து மாறிக்கொண்டார்களா? எப்போது மாறியது?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) தடுக்கவில்லை, தல்மூத்தும் (ரப்பிகளின் சட்ட விவாதத் தொகுப்பு) தடுக்கவில்லை. சுமார் 1000 வருடங்களுக்கு முன் ஜெர்மனியில் ஒரு ரப்பியின், அதாவது யூதச் சட்ட குருவின், பெயரால் தடை வந்தது. அதுவும் ஐரோப்பாவின் ஒரு பகுதி யூதர்களுக்கு மட்டும். யேமன், மொராக்கோ, பாரசீகம் போன்ற இடங்களில் இருந்தவர்களை அது கட்டவில்லை. எல்லா யூதர்களுக்கும் பொதுவான தடை 1950இல்தான் வந்தது. சட்டம் கடைசிவரை திறந்தே வைத்திருந்த ஒரு கதவைப் பெண்வீட்டார் போட்ட கல்யாண ஒப்பந்தங்களும், ஊர்விலக்குகளும், கடைசியில் ஓர் அரசின் தண்டனைச் சட்டமும் சேர்ந்து சாத்தின என்பது என் புரிதல். முழுக்கச் சாத்தவில்லை என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

வேதத்திலிருந்தே தொடங்கலாம். இரண்டு பெண்களைக் கட்டியதாக ஆதியாகமம் சொல்லும் முதல் ஆள் லாமேக்கு. மனைவிகள் ஆதாள், சில்லாள். ஆள் கொலைகாரன், அதைப் பாட்டாகப் பாடிப் பெருமையடித்துக்கொண்டவன். இது ஒரு மறைமுகக் கண்டனம் என்று சிலர் படிப்பார்கள். இருக்கலாம், ஆனால் கதை வாய்திறந்து கண்டிக்கவில்லை. யாக்கோபுக்கு லேயாள், ராகேல், அவர்களுடைய பணிப்பெண்கள் பில்காள், சில்பாள் என்று நால்வர். இஸ்ரயேலின் 12 கோத்திரங்களும் இந்த நால்வரின் பிள்ளைகள்தான். குலத்தின் தொடக்கமே அப்படி இருக்கும்போது அதைப் பாவம் என்று சொல்லப் பின்னால் வந்த எந்த ரப்பிக்கும் வாய் வரவில்லை.

ஆனால் கதைகள் அந்த வீடுகளைச் சந்தோஷமான வீடுகளாகக் காட்டுவதே இல்லை. ஆபிரகாமின் மனைவி சாராள், அவனுக்குத் தானே கொடுத்த பணிப்பெண் ஆகாரைத் துரத்துகிறாள். லேயாளும் ராகேலும் தூதாயீம் கனிகளைக் கொடுத்துக் கணவனின் ஓர் இரவைப் பேரம் பேசுகிறார்கள். எல்க்கானாவின் வீட்டில் பிள்ளை பெற்ற பெனின்னாள், பிள்ளையில்லாத அன்னாளைக் குத்திக் குத்தி அழவைக்கிறாள். அங்கே பெனின்னாளைக் குறிக்க எபிரேய மூலத்தில் வரும் சொல் 'ட்ஸாரா'. தமிழ் வேதாகமம் அதை 'சக்களத்தி' என்று அழகாக மொழிபெயர்த்திருக்கிறது. எபிரேயத்தில் 'ட்ஸாரா' என்றால் தொல்லை, இடுக்கண் என்றும் பொருள் உண்டு. பின்னால் வந்த சட்ட நூல்களிலும் சக்களத்திக்கு இதே சொல்தான். சட்டப் புத்தகத்திலேயே அவள் பெயர் தொல்லை!

தோராவின் சட்டப் பகுதிகள் இதை நடைமுறையில் உள்ள விஷயமாக எடுத்துக்கொண்டு ஒழுங்குபடுத்தப் பார்க்கின்றன. உபாகமம் 21ஆம் அதிகாரத்தில் ஒரு வழக்கு வருகிறது. ஒருவனுக்கு இரண்டு மனைவிகள், ஒருத்தியை அவனுக்குப் பிடிக்கும், மற்றவளைப் பிடிக்காது. மூத்த மகன் பிடிக்காதவளின் வயிற்றில் பிறந்தவன். சொத்தைப் பிரிக்கும்போது ஆசை மனைவியின் மகனை மூத்தவன் ஆக்க முடியாது, இரட்டைப் பங்கு பிடிக்காதவளின் மகனுக்கே. இப்படி ஒரு சட்டம் எழுத வேண்டியிருந்தது என்றால் எத்தனை வீட்டில் இந்தச் சண்டை நடந்திருக்கும்! யாத்திராகமம் 21, இன்னொருத்தியைக் கட்டினால் முதல்வளுக்குச் சோறு, துணி, தாம்பத்திய உரிமை மூன்றும் குறையக்கூடாது என்கிறது. லேவியராகமம் 18, மனைவி உயிரோடு இருக்கும்போது அவள் உடன்பிறந்தவளைக் கட்டுவதைத் தடுக்கிறது. யாக்கோபு செய்தது அதைத்தான் என்றாலும், அவன் காலம் சட்டத்துக்கு முந்தியது. உபாகமம் 17, அரசன் மனைவிகளைப் பெருக்கக் கூடாது என்கிறது. ரப்பிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா இதற்கு வைத்த உச்சவரம்பு 18. சாலொமோனுக்கு 700 மனைவிகள், 300 மறுமனையாட்டிகள் என்று ராஜாக்கள் புத்தகம் சொல்கிறது. அவரைப் பற்றித் தனியாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் கதையும் சட்டமும். உண்மையில் சாதாரண வீடுகளில் நடந்ததா? நடந்தது என்பதற்கு எனக்கு மிகப் பிடித்த சான்று பபதா என்ற யூதப் பெண்ணின் தோல்பை. தொல்லியலாளர் யிகேல் யாதின் 1961இல் சாக்கடலுக்கு மேற்கே ஒரு குகையிலிருந்து அதை எடுத்தார். உள்ளே அவள் பத்திரமாகச் சுருட்டிக் கட்டி வைத்திருந்த பத்திரங்கள், கி.பி. 94 முதல் 132 வரையானவை. பபதாவின் இரண்டாவது கணவன் யூதா, எங்கேதி ஊர்க்காரன். அவன் செத்த பிறகு மிரியாம் என்ற பெண்ணோடு பபதாவுக்குச் சொத்துத் தகராறு. 131ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் அவனை 'என் கணவனும் உன் கணவனுமான' என்று பபதா குறிப்பிடுகிறாள். இருவரும் ஒரே நேரத்தில் மனைவியராக இருந்தவர்கள் என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். இவர்கள் ராஜா வீட்டுக்காரர்கள் இல்லை, பேரீச்சந்தோப்பு வைத்திருந்த நிலக்காரர்கள். மேல்மட்டத்துக்கு யூதேயாவின் அரசன் ஏரோதின் கதையே போதும். அவனுக்கு ஒன்பது மனைவிகள் இருந்ததைச் சொல்லும் வரலாற்றாசிரியர் யோசேபஸ், பல மனைவிகளை வைத்துக்கொள்வது எங்கள் முன்னோர் வழக்கம் என்று ரோம வாசகர்களுக்கு விளக்கவும் செய்கிறார்.

அதே காலத்தில் எதிர்த்தவர்களும் யூதர்கள்தான். சாக்கடல் சுருள்களோடு தொடர்புடைய 'தமஸ்கு ஆவணம்' இரண்டு பெண்களைக் கட்டுவதைக் கடுமையாகச் சாடுகிறது. "ஆணும் பெண்ணுமாக அவர்களைச் சிருஷ்டித்தார்", நோவாவின் பேழைக்குள் ஜோடி ஜோடியாகப் போனார்கள் என்பது அவர்கள் வாதம். ஆகவே ஒருதார மணம் என்ற எண்ணமே வெளியிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது.

தல்மூத்துக்கு வருவோம். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. யெவாமோத் பகுதியில் ரப்பி அம்மி, மனைவி இருக்க இன்னொருத்தியைக் கட்டுபவன் முதல்வளுக்குத் தள்ளுதற்சீட்டும் (விவாகரத்துப் பத்திரம்) அவளுக்குரிய கெதுபா பணமும் (கல்யாண ஒப்பந்தத்தில் அவளுக்கென்று எழுதிய தொகை) கொடுத்து அனுப்ப வேண்டும் என்கிறார். அதே இடத்தில் ரவா என்ற இன்னொரு அறிஞர், எத்தனை பேரை வேண்டுமானாலும் கட்டலாம், சோறு போட முடிந்தால் சரி என்கிறார். சட்டமாக நிலைத்தது ரவாவின் கருத்து. வேறோர் இடத்தில் நான்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்ற ஆலோசனை வருகிறது. மாதத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொருத்தியின் தாம்பத்திய உரிமையும் நிறைவேற வேண்டும் என்பது கணக்கு. இஸ்லாமிலும் நான்கு என்ற எண் இருப்பதைப் பலர் இதோடு சேர்த்துக் கேட்பார்கள். தல்மூத்தின் இந்த வரி இஸ்லாமுக்கு முந்தியது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

யெருசலேம் தல்மூத்தில் ஒரு கதை உண்டு. உடன்பிறந்தவர்கள் 13 பேர். 12 பேர் பிள்ளையில்லாமல் செத்துப்போகிறார்கள். அண்ணன் தம்பி பிள்ளையில்லாமல் செத்தால் அவன் மனைவியை உயிரோடிருக்கும் சகோதரன் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது தோராவின் விதி. இதன் பெயர் யிபூம். வேண்டாம் என்றால் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அந்தப் பெண் அவன் செருப்பைக் கழற்றி முன்னே துப்புவாள், அதோடு பந்தம் அறும். அது ஹலிட்ஸா. இப்போது 12 விதவைகளும் ரப்பி யூதாவின் முன்னால் வந்து நிற்கிறார்கள். கொழுந்தன், "இத்தனை பேருக்கு நான் எங்கே சோறு போட?" என்கிறான். பெண்கள் ஒவ்வொருத்தியும், "என் மாதச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறாள். ஆளுக்கு ஒரு மாதம், 12 மாதம் சரியாகப் போயிற்று. யூத நாட்காட்டியில் சில வருடம் 13 மாதம் வருமே, அதற்கு என்ன வழி? "அந்த மாதம் என் செலவு" என்கிறார் ரப்பி யூதா. மூன்று வருடம் கழித்து 36 குழந்தைகளோடு வந்து அவர் வீட்டு வாசலில் நிற்கிறார்கள்! கதை நடந்ததோ இல்லையோ, பலதார மணத்தில் ரப்பிகளை உறுத்தியது எது என்று இதில் தெரிகிறது. ஒழுக்கம் பற்றிய பேச்சே இல்லை. சோறு யார் போடுவது என்பதுதான் பேச்சு.

இன்னொரு கதை: பஞ்ச காலத்தில் ரப்பி தர்போன் 300 பெண்களைத் தனக்கு நிச்சயம் செய்துகொண்டாராம். அவர் ஆசாரியர், அதாவது கோயில் பூசாரிக் குலத்தவர். ஆசாரியனின் மனைவியானால் ஆசாரியர்களுக்கு ஒதுக்கிய தானியப் பங்கைச் சாப்பிடலாம். ஊரைப் பட்டினியிலிருந்து காப்பாற்றச் சட்டத்தின் சந்தில் நுழைந்த கதை இது.

சட்டம் இப்படி இருந்தாலும், தல்மூத் காட்டும் அறிஞர்களின் அன்றாட வீடுகளில் இரண்டு மனைவிகள் வருவது மிக அரிது. அவர்கள் சொல்லும் பழமொழி, பண்ணும் நகைச்சுவை எல்லாம் ஒரு கணவன், ஒரு மனைவி வீட்டைத்தான் மனதில் வைத்திருக்கின்றன. அனுமதி இருந்தது, பழக்கம் தேய்ந்துகொண்டிருந்தது.

கிறித்தவத் தாக்கமா என்ற கேள்விக்கு இங்கே வருகிறேன். கி.பி. 393இல் ரோமப் பேரரசன் தியோடோசியஸின் ஆட்சியில் ஒரு சட்டம் வந்தது. யூதர் யாரும் தங்கள் வழக்கப்படி ஒரே நேரத்தில் பல திருமணம் செய்யக்கூடாது என்று. ரோமச் சட்டம் தன் குடிகளுக்கு ஒருதார மணத்தை முன்பே வைத்திருந்தது, அதைத்தான் யூதர்கள் மேலும் போட்டார்கள். ஆகவே ஐரோப்பாவில் சுற்றுச்சூழலின் அழுத்தம் இருந்தது உண்மை. அதை மறுப்பவர்கள் வீண் பெருமைக்காக மறுக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் அது முழுக் கதை இல்லை. ஏனென்றால், பலதார மணம் சுற்றிலும் சகஜமாக இருந்த முஸ்லிம் நாடுகளிலும் யூதப் பெண்கள் அதற்கு முட்டுக்கட்டை போட்டிருக்கிறார்கள்.

எப்படி என்று கெய்ரோ கெனிசா காட்டுகிறது. பழைய கெய்ரோவான புஸ்தாதில், பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் காகிதக் குப்பை போட ஓர் அறை இருந்தது. கடவுள் பெயர் எழுதிய தாளை எரிக்கக் கூடாது என்பதால் நூற்றாண்டுக் கணக்கில் எல்லாத் தாளையும் அங்கே போட்டார்கள். கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டர் 1896-97இல் அங்கே போய் அதில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். அதில் ஏராளமான கல்யாண ஒப்பந்தங்கள். பல ஒப்பந்தங்களில் ஒரே மாதிரி நிபந்தனை: மணமகன் இன்னொரு மனைவி எடுக்கமாட்டான், மனைவிக்குப் பிடிக்காத அடிமைப் பெண்ணை வீட்டில் வைக்கமாட்டான், மீறினால் பின்னால் தருவதாக எழுதிக்கொடுத்த மணத்தொகை முழுவதையும் எண்ணிக் கொடுத்து அவளை விடுவிக்க வேண்டும். சட்டம் அனுமதித்த ஒன்றைப் பெண்ணைப் பெற்றவர்கள் பணத்தால் பூட்டினார்கள். அதே புஸ்தாதில்தான் யூதச் சட்ட மேதை மைமோனிடஸ் வாழ்ந்தார், 1204இல் இறந்தார். அவருடைய சட்டத் தொகுப்பில், ஒருவன் நூறு பேரைக்கூடக் கட்டலாம், ஒவ்வொருத்திக்கும் உரியதைக் கொடுக்க முடிந்தால் என்று எழுதியிருக்கிறது. அவர்கள் சம்மதமில்லாமல் எல்லோரையும் ஒரே முற்றத்தில் குடிவைக்கக் கூடாது என்றும் சேர்த்தார். புத்தகத்தில் நூறு, கல்யாணப் பத்திரத்தில் ஒன்று! சட்ட நூலை மட்டும் படித்து ஒரு சமூகத்தைப் புரிந்துகொண்டோம் என்று நினைப்பவர்களுக்கு நான் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.

ஐரோப்பாவில் நடந்தது வேறு வழி. ரைன் நதிக்கரை மைன்ஸ் நகரில் இருந்த ரப்பேனு கெர்ஷோம், 'சிதறுண்டோரின் விளக்கு' என்று புகழப்பட்டவர், 11ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் காலமானவர். அவர் பெயரில் சில ஊர்க்கட்டுப்பாடுகள் வழங்குகின்றன. மீறுபவனுக்கு ஹேரெம், அதாவது ஊர்விலக்கு. அவனோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது. மனைவி இருக்க இன்னொருத்தியைக் கட்டக் கூடாது. மனைவி சம்மதிக்காமல் அவளைத் தள்ளக் கூடாது. பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கக் கூடாது என்பதும் இதே பட்டியலில் வரும். எல்லாமே அவரே போட்டதா, பின்னால் வந்தவர்கள் போட்டதற்கு அவர் பெயரைச் சூட்டினார்களா என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் தகராறு.

இதில் எல்லோரும் முதல் கட்டுப்பாட்டை மட்டும் பேசுவார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். யோசித்துப் பாருங்கள்: தல்மூத் சட்டப்படி கணவன் மனைவியின் சம்மதம் இல்லாமலே தள்ளுதற்சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம். அந்த நிலையில் "இரண்டாவது மனைவி கூடாது" என்று மட்டும் தடை போட்டால் என்ன ஆகும்? வயதான முதல்வளைத் தள்ளிவிட்டுப் புதியவளைக் கட்டுவான். சக்களத்தியோடாவது ஒரு கூரை இருந்தது, இப்போது அதுவும் போயிற்று என்று அவள் நடுத்தெருவில் நிற்பாள். இரண்டு தடையையும் சேர்த்துப் போட்டதால்தான் கணவன் வேறு வழியில்லாமல் அவளோடு உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று.

அந்தக் கட்டுப்பாடு எல்லா நாட்டுக்கும் பரவவில்லை. ஸ்பெயினில் ராஜாவிடம் அனுமதி வாங்கி இரண்டாவது கல்யாணம் செய்த யூதர்கள் உண்டு. தத்துவ அறிஞர் ஹஸ்தாய் கிரெஸ்காஸின் மகன் 1391இல் பார்சிலோனா கலவரத்தில் கொல்லப்பட்டான். மனைவிக்கு இனிப் பிள்ளை பிறக்க வழியில்லை. 1393இல் அரகோன் மன்னனிடம் அனுமதி வாங்கினார் அவர். 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ எழுதி, 1565இல் வெனிஸில் அச்சான 'ஷுல்கான் அரூக்' என்ற யூதச் சட்டத் தொகுப்பு, கெர்ஷோமின் தடை எல்லா நாடுகளிலும் பரவவில்லை, அதுவும் யூதக் கணக்கில் 5000ஆம் ஆண்டு முடியும்வரைதான் என்கிறது. கிறித்தவக் கணக்கில் அது 1240. அதாவது தடை காலாவதியாகி முந்நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று! அதே பக்கத்தில் கிராக்கோ நகரத்து மோசே இஸ்ஸர்லெஸ் குறிப்பு எழுதினார்: இருந்தாலும் எங்கள் நாடுகளில் அது இன்றும் நடப்பில் உள்ளது, மீறுபவனைக் கட்டுப்படுத்தலாம் என்று. காகிதத்தில் செத்துப்போன தடையை வழக்கம் உயிரோடு வைத்திருந்தது.

நெப்போலியன் கதையையும் சொல்லிவிடுகிறேன், சின்னதுதான். யூதர்களைப் பிரெஞ்சுக் குடிமக்களாக ஏற்கலாமா என்று பார்க்க 1806இல் யூதப் பிரமுகர்களைக் கூட்டி 12 கேள்விகள் கேட்டான். முதல் கேள்வியே, யூதர் ஒன்றுக்கு மேல் மனைவி கட்டலாமா என்பதுதான். பிரமுகர்கள் கெர்ஷோமைக் காட்டித் தப்பித்தார்கள்.

யேமனில் கெர்ஷோமின் பேச்சே இல்லை. அங்கும் பெரும்பாலான வீட்டில் ஒரே மனைவிதான். பிள்ளை இல்லை, வசதி இருக்கிறது என்றால் இரண்டாமவள் வருவாள். 1949-50இல் சுமார் 50,000 யேமன் யூதர்களை விமானத்தில் இஸ்ரேலுக்கு ஏற்றிவந்தபோது இரண்டு மனைவியோடு இறங்கிய ஆண்களும் இருந்தார்கள். அந்தக் கல்யாணங்களைக் கலைக்கவில்லை, குடும்பத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். புதிதாக மட்டும் கூடாது. தலைமை ரப்பிகள் ஹெர்ட்ஸோக், உஸியேல் இருவரும் 1950இல் ஒரு கட்டுப்பாடு போட்டு, எந்த நாட்டிலிருந்து வந்த யூதராக இருந்தாலும் இரண்டாவது மனைவி கூடாது என்றார்கள். யிபூம் கல்யாணத்தையும் நிறுத்தி, செருப்புச் சடங்கு மட்டும் போதும் என்றதும் அப்போதுதான். பின்னர் அரசுச் சட்டமும் சேர்ந்துகொண்டது. 1977 தண்டனைச் சட்டத்தில் இருதார மணத்துக்கு ஐந்து வருடம் வரை சிறை.

இனி, முழுக்கச் சாத்தாத கதவு. கெர்ஷோமின் தடைக்கு ஒரு விலக்கு உண்டு, பெயர் 'ஹெதேர் மேஆ ரப்பானிம்', நூறு ரப்பிகளின் அனுமதி. மனைவி மனநலம் கெட்டுத் தள்ளுதற்சீட்டை வாங்கும் நிலையில் இல்லை, அல்லது நீதிமன்றம் சொல்லியும் வாங்க மறுக்கிறாள் என்றால், மூன்று நாடுகளைச் சேர்ந்த நூறு ரப்பிகள் கையெழுத்திட்டால் கணவன் மறுமணம் செய்யலாம். அவளுக்கான சீட்டையும் பணத்தையும் நீதிமன்றத்தில் கட்டி வைக்க வேண்டும். இஸ்ரேல் சட்டமும் ரப்பீனிய நீதிமன்றத்தின் அனுமதி பெற்றவனைத் தண்டனையிலிருந்து விலக்குகிறது. நடைமுறையில் இது அபூர்வம்.

மனைவிக்கு அப்படி ஒரு வழி கிடையாது. கணவன் சீட்டுக் கொடுக்க மறுத்தால் நூறு அல்ல, ஆயிரம் ரப்பிகள் கையெழுத்திட்டாலும் அவள் இன்னொருவனைக் கட்ட முடியாது. இப்படி மாட்டிக்கொண்டவளை 'அகுனா' என்பார்கள், நங்கூரமிடப்பட்டவள் என்று பொருள். மீறி வேறொருவனோடு வாழ்ந்து குழந்தை பிறந்தால் அந்தக் குழந்தை 'மம்ஸேர்', மற்ற யூதரை மணக்கத் தகுதியற்றது. மனைவி இருக்கும்போதே கணவன் வேறொரு மணமாகாத பெண்ணோடு பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளைக்கு இந்தக் கறை இல்லை. காரணம் எளிது: தோராவின்படி ஆணுக்கு இரண்டாவது திருமணம் செல்லும், பெண்ணுக்குச் செல்லாது. பலதார மணம் போய்விட்டது, அதன் கணக்கு மட்டும் விவாகரத்து வழக்குகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1995இல் இஸ்ரேல் ஒரு சட்டம் போட்டு, நீதிமன்றம் சொல்லியும் சீட்டுக் கொடுக்காத கணவனின் கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு ஆகியவற்றில் கைவைக்கவும், தேவைப்பட்டால் சிறையில் போடவும் வழி செய்தது.

பின்குறிப்பாக, இன்றைக்கு ஒரு யூதர் யாருக்கும் தெரியாமல் இரண்டு சாட்சிகளை வைத்து இரண்டாவது கல்யாணம் செய்தால் என்ன ஆகும் என்றும் கேட்பீர்கள். அவர் ஊர்க்கட்டுப்பாட்டை மீறியவர், இஸ்ரேலில் என்றால் குற்றவாளி. ஆனால் கல்யாணம் செல்லும். அந்த இரண்டாமவள் வேறு ஒருவரைக் கட்ட வேண்டுமானால் அவளுக்கும் முறையான தள்ளுதற்சீட்டு வேண்டும்.